மூணு தட்டு

லோகிதா வந்த முதல் பதினோரு இரவும்
காட்பாடியில் யாரும் தூங்கவில்லை என்றுதான் சொல்வேன்.
நான், என் கணவர், எதிர்வீட்டு சம்பூர்ணம் டீச்சர்,
இரண்டு மணிக்குப் போகும் சரக்கு ரயில்.

அழுதிருந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.
அழவில்லை.
வாசற்கதவுக்கு எதிரே சம்மணமிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பஸ் வரும் திசையைப் பார்ப்பதுபோல.

வளர்ப்புப் பெற்றோர் பயிற்சியில்
மூன்று நாள், மத்தியானச் சாப்பாட்டோடு, சொல்லித் தந்தார்கள்:
பொறுமை. நேரம் தவறாமை. குரலை உயர்த்தாதீர்கள்.
கதவைப் பற்றி ஒன்றும் இல்லை.

கதவு கோப்பில் இருந்தது.
‘தாய் இரவு வேலைக்குச் செல்கையில்
குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிச் சென்றுள்ளார்.
வயது ஆறு. 1098க்கு அழைப்பு.
பூட்டு உடைக்கப்பட்டது.’
படித்த இரவு அந்தப் பெண்ணை
மனசுக்குள் பெயர் சொல்லியே திட்டினேன்.
எல்லாத் தாழ்ப்பாளையும் நீக்கி வைத்து,
பாரும்மா, இங்கே பூட்டே கிடையாது என்றேன்.
அவள் கண்கள் இன்னும் அகலமாகத் திறந்துகொண்டன.

சத்துவாச்சாரியில், நலக்குழு முன்னால் முதல் பரிசீலனை.
குடியாத்தத்திலிருந்து கெங்கம்மா வந்திருந்தாள்,
ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி.
அது இருந்தால் நம்புவார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.
அவளைப் பற்றி எல்லோரும் பேசினோம்.
தண்ணீர் இருந்த காலத்தில் பாலாறு
பாறையைச் சுற்றிப் போனதுபோல
அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று பேச்சு.

காகிதங்களை அடுக்கிய பிறகுதான்
குழுவில் இளையவர் ஒருவர் கேட்டார்:
‘நீங்க சொல்லுங்கம்மா. பாப்பா எப்படித் தூங்கும்?’

கெங்கம்மா என்னைப் பார்த்தாள், முதல்முறையாக.
‘பூட்டு போட்டுட்டு மூணு தட்டு தட்டுவேன் மேடம்.
ஒண்ணு, சோறு மூடி வெச்சிக்கீறேன்.
ரெண்டு, யாரு கூப்ட்டாலும் பேசாத.
மூணு, அம்மா வந்துடுவேன்.
உள்ளேர்ந்து அவளும் மூணு தட்டுவா.
அப்பறம்தான் வேனு ஏறுவேன்.
வேற இன்னா பண்றது மேடம்,
உட்டுட்டுப் போவ ஆளு கெடையாது.’

யாரும் எழுதவில்லை.
பிறகு எல்லோரும் எழுதினார்கள்.

அன்று இரவு என் வீட்டுக்கு வெளியே நின்றேன்,
வெறுங்காலோடு, விருந்தாளிபோல.
கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை;
படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மூன்று முறை தட்டினேன்.
உள்ளே நீண்ட யோசனை.
அப்புறம், என் இடுப்பு உயரத்திலிருந்து,
ஒண்ணு.
ரெண்டு.
மூணாவது வருவதற்குள் ஏதோ ரயில் வந்துவிட்டது.
தட்டினாளா, தெரியாது.
உள்ளே போனபோது
கதவோரத்திலேயே தூங்கியிருந்தாள்.

இப்போது இரண்டாம் சனிக்கிழமைகளில் கெங்கம்மா வருகிறாள்.
முன்பு நாற்காலி நுனியில்,
இப்போது நேரே சமையல்கட்டுக்கு.
உப்பு கம்மி என்கிறாள். கம்மிதான்.
அண்ணன் வீட்டு மாடியில் ஒரு ரூம் பேசியிருப்பது,
பகல் ஷிஃப்ட் கேட்டுக் கொடுத்த மனு,
எது எங்கே நிற்கிறதென்று சொல்கிறாள்.
அந்த மனு மெதுவாக நகரட்டும் என்கிறாள்
எனக்குள் ஒருத்தி.
அவளுக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்து
உட்கார வைத்திருக்கிறேன்.

போன மாதம் லோகிதாவுக்கு முன்பல் விழுந்தது.
கூரைமேல் எறியலாம் என்றேன்.
‘அம்மாவுக்கு’ என்றாள்.
தீப்பெட்டி ஒன்றைக் காலி செய்து
பஞ்சில் படுக்க வைத்தோம்.

கெங்கம்மா திறந்து, வெகுநேரம் பார்த்தாள்.
‘எப்ப வுழுந்துது?’
செவ்வாய்க்கிழமை, இட்லி சாப்பிடும்போது.
‘அழுதாளா?’
இல்லை.
‘மொதல்ல யாராண்ட காட்டினா?’

என்னிடம்தான், என்றேன்.
சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று.

‘செரி’ என்றாள்.
தீப்பெட்டியை டிபன் பையின் பக்கவாட்டில் வைத்து
ஜிப்பை மூடினாள்.
மூடியிருக்கிறதா என்று
இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.